‘டியர்’ என்று கூப்பிட்டது தப்பா?

வாசகி கேட்டிருப்பது:

கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த இவர், இங்கிலாந்தில் டெர்பி நகரத்து மருத்துவமனை ஒன்றில் முதியோர் வார்டு நர்ஸ். அங்கே போய் இன்னும் ஒரு வருஷம்கூட முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட 84 வயது அம்மா ஒருவருக்குக் காலை மாத்திரை கொடுக்கும்போது, “டேக் யுவர் டேப்லட்ஸ், டியர்” என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, “ஐ’ம் நாட் யுவர் டியர்” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வார்டு மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, நோயாளிகளிடம் அந்த வார்த்தை வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னாராம்.

“அன்பாகத்தானே சொன்னேன்? எங்கள் வார்டில் உள்ளூர் ஹெல்த்கேர் அசிஸ்டண்ட் ஒருவர் எல்லாரையும் ‘லவ்’, ‘டக்’ என்றுதான் கூப்பிடுகிறார். அதற்கு யாரும் கோபப்படவில்லை. மேனேஜரே எனக்கு ‘தேங்க்ஸ் லவ்லி’ என்று எழுதி, கடைசியில் ஒரு எக்ஸ் போட்டு மெசேஜ் அனுப்புகிறார். என்னை மட்டும் ஏன் திருத்துகிறார்கள்? பாட்டி வயதில் இருப்பவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வேறு என்னதான் சொல்வது?” என்று கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மனசில் அன்பு இருந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, உங்கள் மேனேஜருக்கும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் முதலில் நேரடியான பதில்: நோயாளிகளிடம் ‘டியர்’ என்ற வார்த்தையை இன்றோடு விட்டுவிடுங்கள். யாருக்குச் சொல்லலாம், யாருக்குக் கூடாது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மொத்தமாகவே விட்டுவிடுங்கள். அவர் எப்படிக் கூப்பிடச் சொல்கிறாரோ அப்படிக் கூப்பிடுங்கள். காரணம் தெரியாமல் விட்டால், அந்த இடத்தில் இதே மாதிரி இன்னொரு வார்த்தை வந்து உட்கார்ந்துவிடும். அதனால் காரணத்தையும் விரிவாக எழுதுகிறேன்.

வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வகுப்பில் நோயாளி, நர்ஸ் என்று இருவரை நடிக்கச் சொன்னால், முதல் இரண்டு வாக்கியத்துக்குள் ‘டியர்’ வந்துவிடும். ‘ஹவ் ஆர் யூ டியர்’, ‘ஓகே டியர்’, ‘டோன்ட் வொர்ரி டியர்’. கல்லூரியில் சீனியர் ஜூனியரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார். ஹாஸ்டல் வாட்ஸப் குரூப்பில் அது இல்லாமல் ஒரு குட் மார்னிங்கூட வராது. பழக்கதோஷம் என்பது உண்மைதான். ஆனால் பழக்கத்துக்கும் அடியில் தமிழ் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது.

நம் ஊர் வார்டில் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். “பாட்டி, பிபி பாக்கணும், கையக் கொஞ்சம் நீட்டுங்க.” “அம்மா, மாத்திர போட்டுட்டீங்களா?” இதில் இரண்டு சங்கதி உங்கள் மரியாதையைச் சுமக்கிறது. ஒன்று, ‘பாட்டி’, ‘அம்மா’ என்ற உறவுச் சொல். இன்னொன்று, வினைச்சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ‘ங்க’. ‘நீட்டு’ என்பது ஏவல், ‘நீட்டுங்க’ என்பது வேண்டுகோள். இதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, நாக்கிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு வந்ததும் இரண்டுமே கையில் இல்லாமல் போகிறது. முன்பின் தெரியாத பெரியவரைக் கூப்பிட அங்கே உறவுச் சொல் கிடையாது. வினைச்சொல்லில் ஒட்ட ‘ங்க’வும் கிடையாது. “கிவ் மீ யுவர் ஹேண்ட்” என்று மட்டும் சொன்னால் அதட்டுகிற மாதிரி இருப்பது உங்களுக்கே தெரிகிறது. மரியாதை குறைகிறதே என்று மனசு தவிக்கிறது. அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் ‘டியர்’ வருகிறது. அதாவது, நீங்கள் ‘பாட்டி’ என்றும் ‘ங்க’ என்றும் நினைத்துக்கொண்டு ‘டியர்’ என்கிறீர்கள். கேட்கிறவர் காதில் விழுவது அது இல்லை.

என்ன விழுகிறது? ‘பாட்டி’ என்பது கீழேயிருந்து மேலே போகும் சொல். சொல்கிறவர் தன்னைச் சின்னவராக வைத்துக்கொண்டு சொல்வது. ‘டியர்’ மேலேயிருந்து கீழே வரும், இல்லையென்றால் சமமானவர்களுக்குள் புழங்கும். பாட்டி பேரனிடம் சொல்லலாம். வயதான பெண்மணி கடைக்காரப் பெண்ணிடம் சொல்லலாம். கணவன் மனைவிக்குள், நெடுநாள் சிநேகிதிகளுக்குள் சொல்லிக்கொள்ளலாம். இளையவர், அதுவும் நேற்றுத்தான் பார்த்த ஒருவர், பெரியவரிடம் சொன்னால் இடம் தலைகீழாகிவிடுகிறது.

உங்கள் ஊரிலேயே இதற்குச் சரியான இணை இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் பெரியவர்கள் சின்னப் பெண்ணைப் பார்த்து, “என்ன மக்களே, சாப்பிட்டியா?” என்பார்கள். கேட்கவே இதமாக இருக்கும். கொங்குப் பக்கத்தில் அதே இடத்தில் ‘கண்ணு’ வரும், மதுரைப் பக்கத்தில் ‘தாயி’, ‘ராசா’ வரும். இப்போது உங்கள் வயசுப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாத 84 வயசு ஆச்சியிடம் போய், “மாத்திரையப் போடு மக்களே” என்று சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தையில் அன்பு இருக்கிறது. இருந்தும் அந்த ஆச்சி என்ன பார்வை பார்த்திருப்பார்! உங்கள் நோயாளி அன்று காலை பார்த்தது அந்தப் பார்வைதான். இன்னொன்றும் கவனியுங்கள்: ‘டேக் யுவர் டேப்லட்ஸ்’ என்பது ‘போடு’தான், ‘போடுங்க’ இல்லை. மொட்டையான ஏவலும் மேலிருந்து வரும் கொஞ்சலும் சேர்ந்து வந்தால், குழந்தைக்கு மருந்து புகட்டுகிற தொனி வந்துவிடும்.

மருத்துவமனையில் படுத்திருக்கும் வயதானவருக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். சொந்த உடுப்பு இல்லை. முதுகுப் பக்கம் திறந்த கவுன். கழிப்பறைக்குப் போக இன்னொருவர் கையைப் பிடிக்க வேண்டும். எத்தனை மணிக்கு எழுவது, எப்போது சாப்பிடுவது எதுவும் அவர் கையில் இல்லை. அவருடையது என்று மிச்சம் இருப்பது பெயர் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டு, படுக்கைக்குப் படுக்கை பொதுவாக ஒரு ‘டியர்’ போட்டால், ‘நான் யாரென்றே இவளுக்குத் தெரியாது, கிழவிகளில் ஒருத்தி என்று நினைக்கிறாள்’ என்றுதான் தோன்றும்.

இப்படி வயதானவர்களிடம் குழந்தையிடம் பேசுகிற மாதிரிப் பேசுவதற்கு ஆங்கிலத்தில் ‘எல்டர்ஸ்பீக்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறை ஆய்வாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸும் அவருடைய குழுவினரும், மறதிநோய் உள்ள முதியவர்களைப் பராமரிப்பதை வீடியோ எடுத்து, ஊழியர் பேசிய விதத்தையும் முதியவர் நடந்துகொண்ட விதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். 2009-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. கொஞ்சு மொழியில் பேசியபோது முதியவர்கள் கையைத் தட்டிவிடுவதும், திரும்பிக்கொள்வதும், மறுப்பதும் அதிகமாக இருந்தது. சாதாரணமாகப் பெரியவரிடம் பேசுவது போலப் பேசியபோது குறைந்தது. பேச்சு முழுதாகப் புரியாத நிலையில் இருப்பவருக்கும் தன்னைச் சின்னவராக்குவது தெரிந்துவிடுகிறது. உங்கள் நோயாளிக்கு நல்ல தெளிவு, அதனால் வாய்விட்டுச் சொன்னார். சொல்ல முடியாதவர்கள் எத்தனை பேர் அதே வார்டில் இருக்கிறார்களோ.

எல்டர்ஸ்பீக்கில் ‘டியர்’ ஒரு அங்கம்தான். இன்னொன்று நம்மவர்களுக்கு ரொம்பப் பொருந்துவதால் சொல்லிவிடுகிறேன். “குளிச்சிரலாமா?”, “மாத்திர போட்டுக்கலாமா?” என்று நோயாளியையும் நம்மையும் சேர்த்துக் கேட்பது தமிழில் நயமான பேச்சு. யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அதே நயத்தை ஆங்கிலத்தில் “ஷால் வீ டேக் அவர் டேப்லட்ஸ்?” என்று கொண்டுபோனால், மழலைப் பள்ளி டீச்சர் பேசுகிற மாதிரி ஆகிவிடும். மாத்திரை அவருடையது, சாப்பிடப் போவதும் அவர். ‘வீ’, ‘அவர்’ (our) என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லையும் எடுத்துவிட்டு ‘யூ’, ‘யுவர்’ போடுங்கள்.

‘டியர்’ என்ற சொல்லுக்கு அடுத்தவரை மட்டம் தட்டும் முகம் ஒன்று இருப்பது பிரிட்டனில் எல்லாருக்கும் தெரியும். 2011 ஏப்ரலில் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் பிரதமர் டேவிட் கேமரன், எதிர்க்கட்சி வரிசையில் இருந்த ஏஞ்சலா ஈகிளைப் பார்த்து “காம் டவுன், டியர்” என்றார். டி.வி. விளம்பரம் ஒன்றில் வந்து பிரபலமான வாக்கியம் அது. விளையாட்டுக்குச் சொன்னது என்று அவர் தரப்பில் விளக்கினார்கள். ஒரு பெண் உறுப்பினரை வாயடைக்கிற பேச்சு என்று பெரிய சர்ச்சையாகி, நாட்கணக்கில் ஓடியது. நீங்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த அர்த்தமும் அந்தச் சொல்லோடு கூடவே வந்து படுக்கையோரம் நிற்கும்.

சரி, உள்ளூர் ஹெல்த்கேர் அசிஸ்டண்ட் விஷயத்துக்கு வருவோம். ‘டக்’ என்பது டெர்பி, நாட்டிங்கம், ஸ்டோக் வட்டாரத்தின் சொந்தச் சொல். “ஏய் அப், மீ டக்” என்றால் ‘வாங்க, நல்லாருக்கீங்களா’ என்கிற அளவுதான். பஸ் டிரைவர் பாட்டியிடம் சொல்வார், பாட்டி டிரைவரிடம் சொல்வார், ஆம்பளை ஆம்பளையிடமும் சொல்வார். மேலே கீழே என்ற வித்தியாசம் அதில் கிடையாது. உங்கள் நோயாளி சின்ன வயசிலிருந்து தெருவில் கேட்டு வளர்ந்த சொல்லாக அது இருக்கலாம். அதை அதே உச்சரிப்பில் கேட்கும்போது ஊர்க்காரி வந்து நிற்கிற ஆறுதல் கிடைக்கிறது. யார்க்ஷையரில் அந்த இடத்தில் ‘லவ்’ வரும். நியூகாசில் பக்கம் ‘பெட்’, கிளாஸ்கோவில் பெண்களுக்கு ‘ஹென்’. பிரிஸ்டலிலும் அதற்கு மேற்கே டெவன், கார்ன்வால் பக்கத்திலும் கடைக்காரர்கள் ‘மை லவர்’ என்றே கூப்பிடுவார்கள். அங்கே வேலைக்குப் போகிற நம் பெண்கள் முதல் வாரத்தில் பதறிப்போவதற்கு இது ஒன்று போதும். பதற வேண்டியதில்லை, அது ‘வாங்கம்மா’தான்.

‘டியர்’ இப்படி ஒரு ஊருக்குச் சொந்தமான சொல் இல்லை. அதனால் ஊர்க்காரி என்கிற உரிமையை அது யாருக்கும் தருவதில்லை. உள்ளூர் வெள்ளைக்கார நர்ஸ் ஒருவர் அதே அம்மாவை ‘டியர்’ என்றிருந்தாலும் அதே பதில் வந்திருக்க வாய்ப்பு உண்டு. ‘லவ்’ என்பதையும் விரும்பாத நோயாளிகள் இருக்கிறார்கள். பலர் வாயைத் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான். ஆனாலும் நீங்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கும் சலுகை வெளியிலிருந்து வந்தவருக்கு அவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை. அவர் சொன்னால் வட்டார வழக்கு, நீங்கள் சொன்னால் தவறு என்று பார்க்கிறவர்கள் உண்டு. அது வருத்தம் தருகிற விஷயம்தான். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்தச் சொல்லை நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்றேனே தவிர, நீங்கள் அதை நாள் முழுக்கக் கேட்கத்தான் போகிறீர்கள். அதனால் அதன் மற்ற முகங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்திலேயே அதற்கு ‘மதிப்பு மிக்கது’, ‘விலை கூடியது’, ‘பிரியமானது’ எல்லாம் சேர்ந்த பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லுக்கு இன்றைக்கும் ‘விலை அதிகம்’ என்று பொருள். பிரிட்டனில் வயதானவர்கள் இப்போதும் அப்படிச் சொல்வார்கள். வீட்டுக்குப் போகும் நாளில் ஒருவர், “டாக்ஸி இஸ் எவர் ஸோ டியர்” என்றால், டாக்ஸிக்காரர்மேல் அவருக்குப் பிரியம் இல்லை, கட்டணம் கட்டுப்படியாகவில்லை. அப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்குப் போக வண்டி வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடம் அது. ‘தட்டுப்பாடு’ என்ற பொருள் தரும் ‘டெர்த்’ என்ற சொல்லும் இதிலிருந்து பிறந்ததுதான், ‘டார்லிங்’கும் இதன் பிள்ளைதான். நம் ‘அருமை’யும் இப்படித்தானே? அரிதாகக் கிடைப்பதும் அருமை, ஆசை மகளும் அருமை மகள்.

‘ஓ டியர்’ என்பது யாரையும் கூப்பிடுவது இல்லை. ‘அடடா’, ‘ஐயோ’ என்பதுதான். தேநீர் கொட்டினால் ‘ஓ டியர்’. மகன் இன்று வரமாட்டான் என்று தெரிந்தால் ‘ஓ டியர்’. நோயாளி திரும்பத் திரும்ப “ஓ டியர், ஓ டியர்” என்று முனகினால் உங்களைச் செல்லமாகக் கூப்பிடுகிறார் என்று எண்ணி, புன்னகையோடு கடந்துவிட வேண்டாம். போய் வலி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடிதத்தில் வரும் ‘டியர்’ தனி ரகம். வெளிநாட்டு வேலைக்காக நர்ஸ்கள் எழுதும் ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்கு ‘டியர் டாக்டர்’ என்று தொடங்கி எத்தனை கடிதம் எழுதிப் பழகியிருப்பீர்கள்! அதில் பிரியம் எதுவும் கிடையாது. நாம் ‘அன்புள்ள ஐயா’ என்று எழுதுவது போல வெறும் சம்பிரதாயம். பெயர் தெரியாமல் ‘டியர் சர் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடிப்பதும், பெயர் போட்டுத் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடிப்பதும் பிரிட்டிஷ் வழக்கம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மின்னஞ்சலில் ‘டியர்’ தனியாக நிற்கக் கூடாது. ‘டியர் சாரா’ என்றால் அலுவல் கடிதம். பெயர் இல்லாமல் ‘ஹாய் டியர்’ என்றால் கதையே வேறு. இதை வாசிக்கிற ஆண் நர்ஸ்களும் ஐ.டி. தம்பிகளும் கொஞ்சம் கவனிக்கவும். கூட வேலை செய்யும் பெண்ணுக்கு ‘ஹாய் டியர்’ என்று மெசேஜ் அனுப்பினால், இங்கே நட்பு, அங்கே நூல் விடுவது. புகார் வரை போகக்கூடிய விஷயம் அது.

இப்போது உங்கள் உண்மையான சிக்கல்: பெயர் சொல்ல வாய் வராதது.

பெரியவர் பெயரைச் சொல்லக் கூடாது என்றே நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அந்தக் கூச்சம் உங்களிடம் இருப்பது நல்ல வளர்ப்பின் அடையாளம். ஆனால் அங்கே மரியாதை என்பது பெயரைத் தவிர்ப்பதில் இல்லை, அவர் சொன்ன பெயரைச் சரியாகச் சொல்வதில் இருக்கிறது. அதனால் நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். முதல் முறை பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்: “வாட் வுட் யூ லைக் மீ டு கால் யூ?” கேட்கும்வரை மிஸஸ், மிஸ்டர் போட்டுக் குடும்பப் பெயர். சிலர் கடைசிவரை ‘மிஸஸ்’ போட்டே கூப்பிடச் சொல்வார்கள். பலர், “ஓ, கால் மீ மார்கரெட்” என்பார்கள். அப்படிச் சொன்ன பிறகு ‘மார்கரெட்’ என்று கூப்பிடுவதுதான் மரியாதை. திரும்பவும் ‘மிஸஸ்’ என்று ஒதுங்கி நிற்பது அவர் நீட்டிய கையைத் தட்டிவிடுவது மாதிரி. கேட்டதை ஹேண்டோவர் தாளில் எழுதிவிட்டால் அடுத்த டூட்டிக்காரருக்கும் உதவும். மறதிநோய் உள்ளவர்களுக்காக அல்சைமர்ஸ் சொசைட்டி வெளியிடும் ‘திஸ் இஸ் மீ’ படிவத்தில், அவர் எந்தப் பெயரில் கூப்பிடப்பட விரும்புகிறார் என்று எழுதவே ஓர் இடம் உண்டு. அப்படி ஒன்று ஃபைலில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ‘மம்மி’, ‘கிராண்ட்மா’ என்று மட்டும் போய்விடாதீர்கள். ‘பாட்டி’ என்பதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லும் நர்ஸ்களும் இருக்கிறார்கள். அது ‘டியர்’ஐவிட மோசமாகப் போய் முடியும். ‘மேடம்’ கடையிலும் ஹோட்டலிலும் சரி, படுக்கையோரத்தில் ஒட்டாது.

அவர் பெயரைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிரிட்டனில் கேட் கிரேஞ்சர் என்று ஒரு டாக்டர் இருந்தார். முதியோர் மருத்துவம்தான் அவர் துறை. புற்றுநோய் வந்து அவரே நோயாளியாகப் படுத்திருந்தபோது, தன் உடம்பைத் தொட்ட பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். அதிலிருந்து 2013-ல் ‘ஹலோ மை நேம் இஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2016 ஜூலையில் இறந்துபோனார். அந்த வாசகம் போட்ட பேட்ஜை இன்றும் அங்கே ஊழியர்கள் குத்திக்கொள்கிறார்கள். தான் சாகப்போவது தெரிந்த ஒரு டாக்டர் ஊழியர்களிடம் கேட்டது இவ்வளவுதான். நம் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையாது என்று பயந்து முணுமுணுக்காதீர்கள். நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் இன்னொரு தடவை சொல்லுங்கள். இரண்டு பெயரும் கை மாறிய பிறகு ‘டியர்’ போட்டு நிரப்ப இடமே இருக்காது.

அப்புறம் அந்த ‘ங்க’. ஆங்கிலத்தில் அது வினைச்சொல்லின் கடைசியில் வராது, வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். ‘குட் யூ’, ‘வுட் யூ லைக்’, ‘இஸ் இட் ஆல் ரைட் இஃப் ஐ’. இவைதான் உங்கள் ‘ங்க’. “கிவ் மீ யுவர் ஆர்ம்” என்பதற்குப் பதில் “இஸ் இட் ஆல் ரைட் இஃப் ஐ பாப் திஸ் ஆன் யுவர் ஆர்ம்?” என்று கேளுங்கள். அந்த ‘பாப்’ என்ற குட்டிச் சொல்லைக் கவனித்திருப்பீர்கள். ‘சும்மா’, ‘ஒரு நிமிஷம்’, ‘லேசா’ என்று நாம் சொல்வதெல்லாம் அதில் அடக்கம். “டேக் யுவர் டேப்லட்ஸ், டியர்” என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள்: “குட் மார்னிங், மார்கரெட். ஐ’வ் காட் யுவர் மார்னிங் டேப்லட்ஸ். வுட் யூ லைக் சம் வாட்டர் வித் தெம்?” கொஞ்சல் ஒன்றுகூட இல்லை. ஆனால் பெயர் இருக்கிறது, என்ன கொண்டுவந்தீர்கள் என்ற தகவல் இருக்கிறது, ‘உங்களுக்கு எது வேண்டும்’ என்ற கேள்வி இருக்கிறது. கிட்டே நாற்காலி இருந்தால் உட்கார்ந்து, அவர் கண்மட்டத்துக்கு வந்து சொல்லுங்கள். உங்கள் அன்பு முழுசாகப் போய்ச் சேரும்.

அந்த அம்மா இன்னும் உங்கள் வார்டில் இருக்கிறார் என்றால், ஒதுங்கிப் போகாமல் நேராகப் போய்ச் சொல்லிவிடுங்கள்: “ஐ’ம் சாரி அபவுட் தி அதர் மார்னிங். வாட் வுட் யூ லைக் மீ டு கால் யூ?” இரண்டு வாக்கியம் போதும். ‘எங்கள் நாட்டில் இப்படித்தான் சொல்வோம்’ என்று விளக்கப் போக வேண்டாம். வலியில் இருப்பவரை நம் வளர்ப்புக்குத் தீர்ப்புச் சொல்ல வைக்கக் கூடாது. அவராகக் கேட்டால் அப்போது தாராளமாகச் சொல்லுங்கள். ‘பாட்டி’ என்று கூப்பிடுகிற ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்பதைக் கேட்க நிறையப் பேருக்குப் பிடிக்கும். அவரே ஒருநாள் உங்களை ‘டியர்’ என்று கூப்பிட்டால் மனசாரச் சந்தோஷப்படுங்கள். அவர் வயசுக்கு அந்த உரிமை உண்டு.

மேனேஜர் அனுப்பும் ‘தேங்க்ஸ் லவ்லி’யைப் பற்றிக் குழம்ப வேண்டியதில்லை. கடைசியில் வரும் எக்ஸ் முத்தத்துக்கான குறிதான். ஆனால் பிரிட்டனில் பெண்கள் தங்களுக்குள் அனுப்பும் மெசேஜில் அது ஏறக்குறைய முற்றுப்புள்ளி மாதிரி ஆகிவிட்டது. உங்களைத் தங்களில் ஒருவராக எண்ணுகிறார் என்பது அதன் பொருள். உங்களைத் திருத்திய அதே மேனேஜர்தான் இதையும் அனுப்புகிறார், அதையும் சேர்த்துப் பாருங்கள். பதிலுக்கு நீங்களும் எக்ஸ் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரும் ஒரு நன்றியும் போதும். ஆண் சக ஊழியர்களுக்கு மட்டும் எக்ஸ் வேண்டாம்.

‘டக்’ சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சீக்கிரம் கேட்பீர்கள். இப்போதைக்கு வேண்டாம். சென்னையிலிருந்து வந்த ஒருவர் இறங்கிய மறுநாளே நாகர்கோவில் கடைத்தெருவில் ‘மக்களே’ என்று பேச ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அதையே நாலு வருஷம் அங்கே குடியிருந்து, தன்னையறியாமல் சொன்னால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டெர்பியிலும் அப்படித்தான். முதலில் ஒருவரை இன்னொருவர் ‘டக்’ என்று கூப்பிடும்போது, உள்ளூர்க்காரர்கள் பதிலுக்கு எப்படித் தலையசைக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று கவனித்து வாருங்கள்.